எண்ணாமல் விட்ட பிடி

கொள்ளிடத்துக்குத் தெற்கே, வாய்க்காலும் வயலும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு கிடக்கிற இடத்தில் அளந்தான்குடி என்று ஓர் ஊர், அந்த ஊரில் ஒரு சிவன் கோயில், அந்தக் கோயிலின் தெற்குச் சுவரில் ஒரு கோடு. கோட்டின் இரண்டு முனையிலும் கூட்டல் குறி வெட்டியிருக்கும். எந்த ராஜா வெட்டினான் என்று கேட்டால் ஆளுக்கொரு ராஜா பெயரைச் சொல்வார்கள், அதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். அந்தக் கோட்டின் நீளம்தான் ஒரு கோல். அந்தக் கோலால்தான் அவர்கள் வயலை அளந்தார்கள், மனையை அளந்தார்கள், கல்யாணப் பந்தலை அளந்தார்கள், கிணற்றின் ஆழத்தை அளந்தார்கள், செத்தவனுக்குக் குழி வெட்டும்போதும் அரைக் கோல் அளந்துதான் வெட்டினார்கள்.

அளக்கிற விதம் ஒன்று உண்டு. மூங்கில் கோலைத் தரையில் கிடத்தி, அதன் நுனியை ஒட்டி, அளக்கிறவர் தன் கையை மடக்கி ஒரு பிடி ஊன்றுவார். பிடிக்கு அந்தப் பக்கம் கோலை எடுத்து வைப்பார். மறுபடி நுனி, மறுபடி பிடி, மறுபடி கோல். வாய் கோலை மட்டும்தான் எண்ணும். பிடியை எண்ணுகிற வழக்கம் கிடையாது. ஏன் விடுகிறீர்கள் என்று கேட்டால், மண்ணு மூச்சு விடவேண்டாமா என்பார் ஒருவர், எறும்புக்கும் நத்தைக்கும் பங்கு வேண்டாமா என்பார் இன்னொருவர், இதெல்லாம் ஒரு கேள்வியா என்று துண்டை உதறிக்கொண்டு எழுந்துபோவார் வேறொருவர். குழம்புக்கு உப்புப் போடுவதை யாராவது சொல்லிக்கொண்டா போடுகிறார்கள்? அது மாதிரி.

தையல்நாயகி அந்த ஊரில் பிறந்து அந்த ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவள், அந்த வட்டத்துக்கே சர்வேயர். புருஷன் கலியபெருமாள் சார்ஜாவில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே மகள் இளமதி, மூன்றாம் வகுப்பு. கணக்கில் ஒரு புள்ளி தப்பினால் தையல்நாயகிக்குச் சோறு இறங்காது. அப்படிப்பட்டவளிடம்தான் அந்த வேலை வந்தது. பழைய கோல் கணக்கில் கிடக்கிற நிலத்தையெல்லாம் மீட்டருக்கு மாற்று என்று மேலே இருந்து உத்தரவு. அவள் கோயில் சுவரில் இரும்பு டேப்பை ஓட்டிப் பார்த்தாள். மூன்று மீட்டர் எழுபத்திரண்டு சென்டிமீட்டர். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றப்போனவளுக்குக் கை நின்றது. எழுந்து தாசில்தார் அறைக்குப் போனாள்.

“சார், எங்க ஊர்ல கோலுக்குக் கோல் ஒரு பிடி விடுவாங்க. அதையும் சேத்துத்தான் சார் நிலம்.”

“பிடின்னா எவ்வளவும்மா?”

“கை அளவு சார்.”

“யார் கை? உங்க கையா, என் கையா?” தாசில்தார் தன் கையை மடக்கிக் காட்டிச் சிரித்தார். “கம்ப்யூட்டர்ல கோலுக்குக் கட்டம் இருக்கு. பிடிக்குக் கட்டம் இருக்கா?”

இல்லை. அவள் இன்னும் கொஞ்சம் வாதாடியிருக்கலாம். ஆனால் அது மத்தியானச் சாப்பாட்டு நேரம், அவளுக்குப் பசி, சாயங்காலத்துக்குள் வேலை முடிந்தாக வேண்டும். பிடியை விட்டுவிட்டு எண்ணை ஏற்றினாள். அளந்தான்குடி முழுவதும் மீட்டரானது.

மறுநாள் காலையில் ஊர் சுருங்கியிருந்தது. இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இல்லை என்று எழுதிவிட்டால், இருப்பது எத்தனை நாள்தான் பொறுமையாக உட்கார்ந்திருக்கும்? கோலுக்கும் கோலுக்கும் நடுவே கிடந்த பிடி மண் எல்லாம் எழுந்து போய்விட்டது, அவ்வளவுதான். வீட்டுப்படி இறங்கி நாலு வார்த்தை பேசி முடிப்பதற்குள் பெண்களுக்குக் குளம் வந்துவிட்டது. தேர் திரும்புகிற முக்கில் தேர் திரும்பவில்லை. எதிரெதிர் வீட்டுக்காரர்கள் ஜன்னலிலிருந்து ஜன்னலுக்கு ரசம் கைமாற்றிக்கொண்டார்கள். பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பங்காளி வீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக்கொண்டதில் ஒருவர் குறட்டை இன்னொருவர் தூக்கத்தைக் கெடுத்தது. முதலில் முணுமுணுத்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். குளம் பக்கத்தில் வந்ததே, நல்லதுதானே என்று சொல்லவும் ஆரம்பித்தார்கள்.

போன மண் எங்கே போனது என்பது தையல்நாயகிக்குத்தான் முதலில் தெரிந்தது.

அவள் வீட்டில் முன்கூடத்திலிருந்து பின்னறைக்கு ஒரு நடை. ஆள் படுத்தால் தலையும் காலும் இரண்டு பக்கமும் இடிக்கும், அவ்வளவுதான் நீளம். அன்றைக்குக் காலை கூடத்தில் நின்று, “இளமதி, எழுந்திரு, வேன் வந்துரும்” என்று குரல் கொடுத்தாள். “வர்றேம்மா” என்று பதில் வந்தது, ஆனால் கொஞ்சம் பொறுத்து வந்தது. பிள்ளை வரவில்லை. தட்டில் இட்லியை வைத்துக்கொண்டு இவள் நடையில் நடந்தாள், நடந்தாள், போய்ச் சேர்ந்தபோது இட்லி ஆறியிருந்தது. இளமதி சீப்பும் ரிப்பனுமாக நின்றுகொண்டிருந்தாள். “எவ்ளோ நேரம்மா? தலை பின்னி விடு.”

அன்று சாயங்காலமே மகளைக் கூடத்துக்குக் கூட்டிவந்து, பாயோடு பாய் ஒட்டிப் போட்டுப் படுத்தாள். விடிந்தபோது இரண்டு பாய்க்கும் நடுவே நடை கிடந்தது. தங்கச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனாள், அங்கேயும் கிடந்தது. முந்தானையை மகள் இடுப்பில் முடிந்துகொண்டு படுத்தாள். காலையில் முடிச்சு அவிழாமல் அப்படியே இவள் பக்கம் கிடந்தது, இடுப்பு அந்தப் பக்கம் போயிருந்தது. கோயில் மெய்க்காவல் பக்கிரிசாமி வந்து வாசலில் நின்று பார்த்துவிட்டு, “விட்டுப்போன பிடியெல்லாம் வேற எங்க போவும்? விட்டவ வீட்டுலதான் வந்து சேரும்” என்றார். திட்டிச் சொல்லவில்லை, மழை வரும் போலிருக்கிறதே என்பதுபோலச் சொன்னார்.

அளந்தான்குடியோடு நின்றிருந்தால் தையல்நாயகி சமாளித்திருப்பாள். ஆனால் அவள் போட்ட அந்த எண் நல்ல எண் என்று மேலிடத்தில் பெயர் வாங்கிவிட்டது. கோல் போட்டு அளந்த ஊர்களுக்கெல்லாம் அதையே வைத்துக் கணக்கு மாற்றச் சொன்னார்கள். நான் கையெழுத்துப் போடமாட்டேன் என்று அவள் பேனாவை மூடிவைத்தாள். அவள் போடாவிட்டால் என்ன, பக்கத்து ஃபிர்க்கா சர்வேயர் போட்டார். ஒவ்வோர் ஊராக மாறியது, ஒவ்வோர் ஊரின் பிடியும் வந்து சேர்ந்தது. இட்லி ஆறுகிற தூரம் சோறு வேகிற தூரமானது, சோறு வேகிற தூரம் பால் தயிராகிற தூரமானது, பால் தயிராகிற தூரம் போட்ட விதை முளைக்கிற தூரமானது. முதலில் விடிந்து கிளம்பினால் பிள்ளைக்குத் தலை பின்னிவிட்டு ஆபீஸ் போக முடிந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை மட்டும் முடிந்தது. பிறகு பண்டிகைக்கு மட்டும்.

ஊர் சும்மா இருக்குமா? ஊரில் களம் இல்லை, மேய்ச்சல் இல்லை, பிள்ளைகள் பந்து விளையாட இடமில்லை. இங்கே ஒரு வீட்டுக்குள் கேட்பாரற்று மண் கிடக்கிறது. முதலில் ஒருத்தி, “அக்கா, மிளகா காயவச்சுக்கிறேன்க்கா” என்று ஒரு சாக்கை விரித்தாள். பிறகு நெல் வந்தது, வைக்கோல் போர் வந்தது, ஆடு வந்தது. கட்சிக்கொடிகள் வந்தன. பக்கிரிசாமி பாதி வழியில் ஒரு டீக்கடை போட்டார். பஞ்சாயத்துத் தலைவர் ராசாங்கம் மினிபஸ்ஸுக்கு ஏற்பாடு செய்து, வீட்டு வாசற்படியிலேயே மாலை போட்டு, தேங்காய் உடைத்து அனுப்பிவைத்தார். அந்தக் கோடியில் ஒரு பள்ளிக்கூடம்கூட வந்தது. குடிசை நெரிந்துபோன அஞ்சம்மா தன் ஆடுகளோடு அங்கே குடியேறி, இளமதிக்குச் சோறு ஆக்கிப்போட்டாள். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாருக்கும் அது வெறும் தூரம்தான், பஸ் ஏறினால் கடக்கலாம். தையல்நாயகிக்கு மட்டும், அவள் எவ்வளவு போகிறாளோ அதைவிடக் கொஞ்சம் கூடுதலாக அது முன்னால் நீண்டுகொண்டே இருந்தது. இளமதி இந்தப் பக்கம் பஸ் ஏறினாலும் அதே கதைதான்.

சார்ஜாவிலிருந்து கலியபெருமாள் போன் போட்டான். “என்னடி சொல்றாங்க எல்லாரும்? அப்ப நம்ம வீடு இப்ப எத்தன சதுர அடி வரும்?”

தையல்நாயகி போனை அணைத்துவிட்டாள். தெருப் பெண்கள் வந்து தேற்றினார்கள். “ஏன்க்கா கவலப்படுறே? புள்ள ஆஸ்டல்ல படிக்குதுன்னு நெனச்சுக்க. எத்தன பேரு சேக்கல?” அவர்கள் நல்ல மனசோடுதான் சொன்னார்கள், அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. சொல்லிவிட்டு, நடையில் காய்ந்த மிளகாயை அள்ளிக் கட்டிக்கொண்டு போனார்கள்.

மகளின் குரல் மட்டும் தினமும் வந்தது. அந்தக் கோடியில் பொழுது விடிந்ததும் இளமதி, “அம்மா, தலை பின்னி விடு” என்று கூப்பிடுவாள். அது வைக்கோல் போரைத் தாண்டி, டீக்கடையைத் தாண்டி, ஆட்டு மந்தையைத் தாண்டி வந்து சேரும்போது இங்கே உச்சி வெயில். எந்த வேலையில் இருந்தாலும் தையல்நாயகி அதைப் போட்டுவிட்டு வந்து நிலைப்படியில் நிற்பாள். “வர்றேண்டி கண்ணு” என்பாள். அந்தப் பதில் அங்கே போய்ச் சேரும்போது பிள்ளை பள்ளிக்கூடம் போய்த் திரும்பியிருக்கும், அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் மினிபஸ் கண்டக்டர் வாசலில் இறங்கி, “அக்கா, இளமதி பெரிய மனுசியாயிருச்சு, அஞ்சம்மா சொல்லச் சொல்லுச்சு” என்றான். தையல்நாயகி உளுந்தை வறுத்தாள், அரைத்தாள், கருப்பட்டி போட்டுக் களி கிண்டினாள், நல்லெண்ணெயை மிதக்க மிதக்க ஊற்றினாள். தூக்குவாளியை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். பஸ் நிற்கிற இடத்துக்கு அப்பாலும் நடந்தாள். தூரத்தில் பந்தல் தெரிந்தது, ஸ்பீக்கரில் பாட்டு கேட்டது, சமையல் புகை தெரிந்தது. இவள் நடக்க நடக்க, அன்றைக்குப் பார்த்து எங்கோ ஒரு தாலுகாவே மொத்தமாக மீட்டராகிக்கொண்டிருந்தது. புகை அடங்கியது, பாட்டு நின்றது. எதிரே விருந்தாளிகள் திரும்பி வந்தார்கள், எல்லார் கையிலும் மஞ்சள் பை. அவளை அடையாளம் தெரியாத ஒரு வெளியூர்க்காரி, “ஏம்மா, இவ்வளவு லேட்டா வர்றீங்க? பந்தலையே பிரிச்சாச்சு. இந்தாங்க, என்கிட்ட ரெண்டு இருக்கு” என்று ஒரு பையை நீட்டினாள். உள்ளே தேங்காய், வெற்றிலை, ஒரு ரவிக்கைத் துணி. தன் மகள் சடங்குக்குத் தானே தாம்பூலம் வாங்கிக்கொண்டு நின்றாள் தையல்நாயகி. களி புளித்த வாடை வந்த பிறகுதான் அவள் திரும்பினாள்.

அதற்குப் பிறகு அவள் ஆபீஸ் ஆபீஸாக ஏறினாள். பிடியையும் கணக்கில் சேருங்கள், சேர்த்தால் மண் அதனதன் இடத்துக்குப் போய்விடும் என்று கேட்டாள். சேர்க்கலாமே என்றார்கள். ஒரு கமிட்டி போட்டார்கள். யார் கையை வைப்பது என்ற இடத்தில் கமிட்டி நின்றது. ராசாங்கம் தன் கையை வைக்கச் சொன்னார், அவர் கை பனங்காய் கணக்காக இருக்கும். சின்னக் கைக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். சரி, எல்லார் கையையும் அளந்து சராசரி எடுப்போம் என்று சுற்றுப்பட்டு ஊர்க் கைகளையெல்லாம் வரிசையில் நிறுத்தி எடுத்தார்கள்; எடுத்துப் பார்த்தால் அந்தச் சராசரிக் கை அத்தனை பேரில் ஒருவருக்கும் இல்லை. இல்லாத கையை எப்படி அளவாக வைப்பது என்று கேட்டுவிட்டு, கமிட்டி வடையும் காபியும் சாப்பிட்டுக் கலைந்தது.

தையல்நாயகி வேலை வேண்டாம் என்று எழுதிக்கொடுத்துவிட்டு நேரே கோயிலுக்குப் போனாள். தெற்குச் சுவரின் கோட்டில் வைத்து ஒரு மூங்கிலை நறுக்கினாள். வீட்டுக்கு வந்தாள். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, நடை தொடங்குகிற இடத்தில் முட்டி போட்டுக் கோலைக் கிடத்தினாள். நுனியில் தன் பிடியை ஊன்றினாள். “ஒரு கோல், ஒரு பிடி” என்று உரக்கச் சொன்னாள்.

அளந்தான்குடியில் பிடியை வாய்விட்டு எண்ணின முதல் ஆள் அவள்தான். எண்ணப்பட்ட மண் எழுந்து தன் ஊருக்குப் போனது. எந்த வயலின் பிடியோ அந்த வயலுக்கு, எந்தத் தெருவின் பிடியோ அந்தத் தெருவுக்கு. அவள் கோலை எடுத்துவைத்து மறுபடி எண்ணினாள். நடை அவளுக்குப் பின்னால் குறைந்துகொண்டே வந்தது.

கொடிக்கம்பம் சாய்ந்தது, வைக்கோல் போர் சரிந்தது. ஜனம் ஓடிவந்து வழியை மறித்தது. ராசாங்கம் கும்பிட்டுக் கேட்டார். “தங்கச்சி, கொஞ்சம் யோசிம்மா. இதுல எத்தன பேரு பொழப்பு இருக்கு? பஸ் ஓடுது, பள்ளிக்கூடம் நடக்குது.”

“பொழப்பு உங்களுதுண்ணே. புள்ள என்னுது.”

“புள்ள நல்லாத்தானே இருக்கு? யாரு என்ன கொறை வச்சோம்?”

“ஒரு கொறையும் வைக்கல. நான்தான் அங்க இல்ல” என்றாள் தையல்நாயகி. சொல்லும்போது அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. அவர் செருப்பை ஒட்டித் தன் பிடியை ஊன்றி, ஒரு கோல் ஒரு பிடி என்று எண்ணினாள். அவர் காலடி மண் போய்விட்டது, அவர் ஓர் எட்டு பின்னால் வைக்கவேண்டியதாயிற்று. அப்படியே அத்தனை பேரும் ஓர் எட்டு, இன்னோர் எட்டு என்று வைத்துக்கொண்டே போனார்கள். பக்கிரிசாமி மட்டும் தானாகவே டீக்கடையைப் பிரித்து, பாய்லரைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார். ஊருக்குத் திரும்பியவர்கள் வயல் அகலமாகிக் கிடப்பதையும் தேர் முக்கில் திரும்புவதையும் பார்த்தார்கள், கொஞ்சநாள் முணுமுணுத்தார்கள், அதற்கும் பழகிக்கொண்டார்கள்.

எவ்வளவு காலம் எண்ணினாள் என்று கேட்காதீர்கள், அதை யாரும் எண்ணவில்லை. வழியில் ஆடு மேய்க்கிறவர்கள் கஞ்சி கொடுத்தார்கள், குடித்தாள். மழை பெய்தது, நனைந்தாள். விரல் முட்டிகளில் தோல் உரிந்து, புண்ணாகி, காய்த்துப்போனது. தலை நரைத்தது. எண்ணும்போது அவள் மனசில் இருந்ததெல்லாம் சீப்பும் ரிப்பனுமாக நிற்கிற ஒரு பிள்ளை. அது சீருடையில் நின்றது, அதன் முன்பல் விழுந்திருந்தது. ஒரு கோல், ஒரு பிடி. ஒரு கோல், ஒரு பிடி. உச்சி வெயிலில் வருகிற குரல் எப்போது நின்றது என்பதை அவள் கவனிக்கவில்லை, அவள்தான் எந்நேரமும் எண்ணிக்கொண்டே இருந்தாளே.

ஒருநாள் காலை அவள் வாய் ஓய்ந்திருந்தபோது, எதிர்ப்பக்கத்திலிருந்து யாரோ எண்ணுவது கேட்டது. ஒரு கோல், ஒரு பிடி. அவள் எண்ணிய குரல் எப்போதோ அந்தக் கோடிக்குப் போய்ச் சேர்ந்து, அங்கேயும் ஒரு மூங்கில் வெட்டப்பட்டிருக்கிறது. தையல்நாயகி விழுந்தடித்து எண்ணினாள். அந்தக் குரலும் பக்கத்தில் வந்தது. அது பிள்ளைக் குரல் இல்லை. அஞ்சம்மாவாக இருக்கும், பிள்ளைக்காக அவள் எண்ணிக்கொண்டு வருகிறாள் என்று நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் இரண்டு கோலின் நுனியும் எதிரெதிரே வந்து நின்றன. நடுவில் ஒரே ஒரு பிடி மண். அந்தப் பக்கம் முட்டி போட்டிருந்தவள் நிமிர்ந்தாள். முழுக்க வளர்ந்த ஒரு பெண், கலியபெருமாளின் மூக்கு, தையல்நாயகியின் நெற்றி. அவள் விரல் முட்டிகளும் காய்த்திருந்தன.

“அம்மா” என்றாள்.

தையல்நாயகி அவளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தாள். பின்னால் யாரும் இல்லை. புரிவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் கையை மடக்கி அந்தக் கடைசி மண்ணில் ஊன்றப்போனாள். இளமதி குறுக்கே தன் உள்ளங்கையை வைத்தாள்.

“இத எண்ணாதீங்கம்மா.”

வாங்க போங்க என்று அவள் முன்பு பேசியதில்லை.

“ஏண்டி? இது ஒண்ணுதான் பாக்கி. இதயும் எண்ணிட்டா நீ என் மடியில இருப்பே.”

“மடியில உக்கார்ற வயசெல்லாம் எனக்கு அங்கயே போயிருச்சும்மா.” இளமதி கோபமாகச் சொல்லவில்லை. “உங்ககிட்ட வரணும்னுதான் நானும் எண்ணிக்கிட்டே வந்தேன். வந்துட்டேன். இது கெடக்கட்டும். எனக்கு மூச்சு விடணும்.”

தையல்நாயகி வாய்விட்டு அழுதாள். பஸ் ஓடியபோது அழாத அழுகை, களி புளித்தபோது அழாத அழுகை, எல்லாம் சேர்த்து அழுதாள். இளமதி தடுக்கவில்லை, கூட அழவும் இல்லை, மண்ணிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தாள். அழுது ஓய்ந்ததும் தையல்நாயகி மடக்கிய கையைப் பிரித்துத் தன் பக்கம் எடுத்துக்கொண்டாள். அந்தப் பிடி அப்படியே கிடந்தது.

“தலை பின்னி விடவா?” என்று கேட்டாள்.

“நானேதான் பின்னிக்குவேன்” என்றாள் இளமதி. பிறகு கொஞ்சம் யோசித்து, தலையை அவிழ்த்துவிட்டு, முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள்.

தையல்நாயகி அந்தப் பிடி மண்ணைத் தாண்டிக் கையை நீட்டினாள். எட்டியது. முடியை மூன்றாகப் பிரித்தாள். காய்த்துப்போன விரல்கள் சரியாக மடங்கவில்லை, பின்னல் கோணலாக வந்தது. இளமதி அவிழ்க்கச் சொல்லவில்லை.